தகப்பனார் பிறந்த ஊர் எது?
சீனரும் நாமும் கண்ட குடிவரவுச் சட்டங்கள்

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலர்க் குழுவினர் எம்மை அணுகிக் குடிவரவுச் சட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்கள். பிரஜாவுரிமைக் கதை இந்த மேடைக்குப் புதிதன்று. ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் சொல்லி, நாமும் பெருமூச்சு விட்டு, வடையும் தேநீரும் அருந்திவிட்டுக் கலைந்திருக்கிறோம். ஆகையால் இம்முறை அக்கதையை வேறொரு வாசலால் நுழைந்து பார்க்கலாம் என்று எண்ணினோம். அந்த வாசல் சீனருடைய வாசல்.

பதுளையில் சீனருக்கு என்ன வேலை என்று இளைஞர் சிலர் புன்னகை செய்வது தெரிகிறது. பெரியவர்கள் புன்னகை செய்ய மாட்டார்கள். அவர்களுக்குத் துணி மூட்டைச் சீனரை நினைவிருக்கும். சைக்கிளின் பின்னால் மலைபோல மூட்டை, கையில் ஒரு யார்க் கோல். சம்பள நாளை அண்டி வருவார். லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்துச் சீத்தையையும் பட்டையும் விரித்துப் போடுவார். அரைகுறைச் சிங்களத்திலும் அதனினும் குறைந்த தமிழிலும் விலை பேசுவார். கையில் காசு இல்லாவிட்டால் அடுத்த சம்பளத்துக்கு என்று கணக்கு எழுதிக்கொள்வார். அந்தக் கணக்குப் புத்தகத்தில் அவர் எழுதிய எழுத்து நமக்கு விளங்காது. நமது தகப்பன்மார் வைத்த கைநாட்டு அவருக்கு விளங்காது. ஆனாலும் கடன் திரும்பியது, துணியும் வந்தது. சீனத்தின் சாந்துங், ஹூபே மாகாணங்களிலிருந்து வந்தவர்கள் பலர். சிலர் துணி விற்றார்கள், சிலர் நகரங்களிற் பல் கட்டும் தொழில் செய்தார்கள், சிலர் சாப்பாட்டுக் கடை வைத்தார்கள்.

லயத்து வாசலிற் குந்தியிருந்த இந்த இருவரையும் பிற்காலத்தில் ஒரே சட்டம் வெளியே தள்ளியது என்பதே இன்றைய பேச்சு. அந்தச் சட்டத்துக்கு வருமுன் சற்று அலைந்துவிட்டுத்தான் வரவேண்டும்.

சீனர் இந்த நாட்டுக்குப் புதியவர்கள் அல்லர். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாஹியான் என்ற பௌத்தத் துறவி அனுராதபுரத்துக்கு வந்து இரண்டாண்டு தங்கினார். ஊரை விட்டுப் பல வருடமாயிற்று. கூட வந்தவர்களிற் சிலர் இறந்தார்கள், சிலர் வழியில் தங்கிவிட்டார்கள். ஒருநாள் புத்தர் சிலை முன்பு ஒரு வணிகன் வெள்ளைப் பட்டு விசிறி ஒன்றைக் காணிக்கை வைப்பதைக் கண்டார். அது சீன நாட்டு விசிறி. அதைப் பார்த்த மாத்திரத்தில் தம்மையறியாமற் கண்ணீர் பெருகியது என்று அவரே தம் பிரயாண நூலில் எழுதி வைத்திருக்கிறார். பிறந்த மண்ணை விட்டு வந்தவனின் துயரத்துக்கு இந்தத் தீவிற் கிடைக்கும் மிகப் பழைய சாட்சியங்களுள் இதுவும் ஒன்று எனலாம். சீமையிலிருந்து வந்த மாரியம்மன் படமொன்றைப் பார்த்து அழுத நமது பாட்டிமாரை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஆயிரம் ஆண்டு கழித்துச் செங் ஹோ என்ற சீனக் கடற்படைத் தலைவர் பெரும் மரக்கலங்களோடு வந்தார். 1409ஆம் ஆண்டுத் தேதியிட்ட அவருடைய கல்வெட்டு 1911இற் காலியில் ஒரு மதகின் மேல் மூடுகல்லாகக் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தபிரானுக்குக் காணிக்கை சொல்கிறது. பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கு. தமிழ்ப் பகுதியோ தென்துறையிற் கோயில் கொண்ட திருமாலாகிய தெனாவரை நாயனாருக்குப் பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும் கொடுத்ததைச் சொல்கிறது. சீனச் சக்கரவர்த்தி தமது பெயராற் செந்தமிழிற் கல்வெட்டி இந்துக் கோயிலுக்குக் காணிக்கை வைத்த நாடு இது. கொழும்புக்குப் போகும் இளைஞர்கள் கடற்கரையைப் பார்க்கிறார்கள். அந்தக் கல்லையும் ஒருமுறை பார்த்து வரலாம். அதே செங் ஹோ அடுத்து வந்தபோது போர் தொடுத்து இந்நாட்டு அரசன் ஒருவனைச் சிறைபிடித்துச் சீனத்துக்குக் கொண்டு போனார் என்பதையும் மறைக்கக் கூடாது. காணிக்கையும் கப்பற்படையும் கூடவே வருவது உலக வழக்கம்.

இன்னுமொன்று. நம்மைச் சூழ்ந்து நிற்கும் இந்தத் தேயிலைச் செடியே சீனத்துச் செடிதான். 1824இற் சீனத்திலிருந்து கொண்டுவந்த செடி பேராதனைப் பூங்காவில் நடப்பட்டது. பின்னர் மலைகளில் அசாம் இனம் பரவியதென்றாலும், தேயிலை என்ற சொல்லில் உள்ள ‘தே’ தென்சீனக் கரையோர மக்களின் சொல். செடி வந்தது, வேர் விட்டது, நாட்டின் பெயரை உலகெங்கும் கொண்டு போயிற்று. அதனிடம் யாரும் தகப்பனார் பிறந்த ஊரைக் கேட்கவில்லை.

இனி, சீனரை உலகம் எப்படி நடத்தியது என்று பார்ப்போம். 1848இற் கலிபோர்னியாவிற் பொன் அகப்பட்டதும் தென்சீனத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். பிறகு அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கறுக்கும் இருப்புப்பாதை போட ஆள் வேண்டியிருந்தது. மலையைக் குடைந்து, பனியிற் புதைந்து, மேற்குப் பகுதியைப் போட்டவர்களிற் பெரும்பாலோர் சீனரே. 1869இற் பாதை முடிந்தது. வேலை முடிந்ததும் வசை தொடங்கிற்று: குறைந்த கூலிக்கு உழைக்கிறான், நம் பிழைப்பைக் கெடுக்கிறான், நம்மோடு சேரமாட்டான், சம்பாதித்ததை ஊருக்கு அனுப்புகிறான். 1882இற் சீனத் தொழிலாளர் உள்ளே வரலாகாது என்று அமெரிக்கா சட்டம் செய்தது. முதலிற் பத்தாண்டுக்கு என்றார்கள். 1892இல் நீட்டினார்கள், அத்தோடு ஏற்கெனவே இருப்பவர்கள் வதிவுச் சீட்டு ஒன்றை எப்போதும் வைத்திருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். 1902இற் காலவரையறையே இல்லாமற் செய்தார்கள். கனடா வேறு வழி பிடித்தது. 1885இற் சீனர் தலைக்கு ஐம்பது டாலர் வரி. 1903இல் அது ஐந்நூறு டாலர். 1923இற் கதவையே சாத்திவிட்டது. அவுஸ்திரேலியா 1901இல் ஒரு பரீட்சை வைத்தது. அதிகாரி ஏதாவதொரு ஐரோப்பிய மொழியிற் சொல்வதை எழுதிக் காட்ட வேண்டும். எந்த மொழி என்பதை அதிகாரி தீர்மானிப்பார். ஆங்கிலம் தெரிந்தவனுக்கு வேறு மொழியில் வைத்தால் முடிந்தது.

அமெரிக்கக் கதையில் நாம் நின்று கவனிக்க வேண்டியவர் வோங் கிம் ஆர்க் என்பவர். சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்த சமையற்காரர். பெற்றோர் சீனர். 1895இற் சீனம் போய்த் திரும்பியவரை, நீ அமெரிக்கன் அல்லன் என்று துறைமுகத்திலே தடுத்தார்கள். அவர் வழக்காடினார். 1898இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், இந்த மண்ணிற் பிறந்தவன் இந்நாட்டுப் பிரஜையே, தகப்பன் யாராயிருந்தாலும் சரி, என்று தீர்த்தது. சீனரை வெறுத்துச் சட்டம் இயற்றிய அதே நாட்டில், அதே காலத்தில் இப்படியொரு தீர்ப்பு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக்கு வரும்போது தேவைப்படும்.

அதன் பின் நடந்தது வேடிக்கையும் வேதனையும் கலந்தது. 1906இற் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம் வந்து, தீப்பிடித்து, நகரத்தின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. பதிவு இல்லையென்றால் யார் அங்கே பிறந்தார், யார் பிறக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? பல சீனர் தாம் அங்கே பிறந்ததாகச் சொல்லிப் பிரஜைகளாயினர். பின்பு சீனத்திலிருந்து இளைஞர்களைத் தம் பிள்ளைகள் என்று அழைத்தனர். இவர்களுக்குக் ‘கடுதாசிப் பிள்ளைகள்’ என்று பெயர். அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? ஏஞ்சல் தீவு என்ற இடத்தில் அடைத்து வைத்து விசாரித்தார்கள். உன் வீட்டு வாசலிற் படி எத்தனை? அரிசிப் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது? பக்கத்து வீட்டுக் கிழவிக்கு எத்தனை பிள்ளை? தந்தையும் மகனும் ஒரே விடை சொல்லாவிட்டாற் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். உண்மையான மகனும் சில வேளை படியை எண்ண மறந்திருப்பான் அல்லவா? 1943இற் சீனம் யுத்தத்தில் நண்பனாகிவிட்டதால் அந்தத் தடைச் சட்டத்தை நீக்கினார்கள். ஆனால் வருடத்துக்கு 105 சீனர்தான் வரலாம் என்று கணக்கு வைத்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய சனத்தொகைக்கு நூற்றைந்து இடம்! 1965இலேதான் அந்தக் கணக்கு முறை ஒழிந்தது.

தென்னாபிரிக்காவிற் சீனரும் தமிழரும் ஒரே அணியில் நின்றார்கள். டிரான்ஸ்வாலில் ஆசியர் எல்லாரும் விரல் ரேகை பதித்துச் சீட்டு எடுக்க வேண்டும் என்று 1907இற் சட்டம் வந்தபோது காந்தியடிகள் எதிர்த்தார். கூடவே சீனர் சங்கமும் எதிர்த்தது. 1908 ஜனவரியில் அரசாங்கத்துக்குப் போன சமரசக் கடிதத்திற் கையொப்பமிட்டவர்கள் மூவர்: காந்தியடிகள், சீனர் தலைவர் லியுங் குவின், தமிழர் பக்கம் தம்பி நாயுடு. வாக்கு மீறப்பட்டதென்று கண்டதும் அவ்வாண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் ஜொகன்னஸ்பேர்க் மசூதி முன்றலில் ஒரு பெரிய இரும்புக் குண்டானில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சீட்டுகளைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தின் பிற்பகுதியிற் சிறை சென்று நோயுற்று 1914இல் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் நமது இளம் பெண்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ஊவாவுக்குத் திரும்புவோம்.

நம்மவர்களை அழைத்தது பொன் அன்று, கோப்பி. 1820களிலும் 30களிலும் கோப்பித் தோட்டங்கள் தொடங்கின. மன்னாரிலிருந்து மாத்தளை வரையும் காட்டுவழி நடை. அங்கிருந்து ஊவாவுக்கு மேலும் மலைநடை. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலே விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. அமெரிக்கச் சீனர் இருப்புப்பாதையை முடித்த அதே 1869இல், நமது மடுல்சீமைப் பக்கத்திலே கோப்பி இலையில் ஒரு மஞ்சட் புள்ளி தோன்றியது. இலங்கைக் கோப்பியை அழித்த அந்த இலைநோயை இந்நாட்டில் முதன்முதற் கண்டது இங்கேதான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து பருவத்திற் போகலாம். தேயிலைக்கு வருடம் முழுவதும் கை வேண்டும், அதிலும் பெண்களின் கை வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக வந்தார்கள், தங்கினார்கள். நாம் இந்நாட்டு மக்களானது எந்தச் சட்டத்தாலும் அன்று. கொழுந்தின் தேவையால் ஆனோம்.

காகிதம் அப்போதே நம்மைத் துரத்தத் தொடங்கிவிட்டது. முதலிற் ‘துண்டு’. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இவனுக்கு இவ்வளவு கடன் உண்டு, கட்டினால் விடுவோம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு. கடனுக்கு மனிதனை அடமானம் வைத்த அந்தச் சீட்டு 1921இலேதான் ஒழிந்தது. அடுத்தது தகரத்துண்டு. 1901 அளவில் வந்த முறை. தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத்தைக் கழுத்திற் கட்டி அனுப்பினார்கள். மண்டபம் முகாமிற் சோதனை, தனிமைப்படுத்தல். 1914இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது; 1924இற் பதுளைக்கும் ரயில் வந்தது. பின்னர் 1923ஆம் ஆண்டின் இந்தியக் குடிவரவுத் தொழிலாளர் சட்டம், 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். இவை ஓரளவு நன்மை செய்தன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1939 ஆகஸ்டில் இந்திய அரசாங்கம் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை நிறுத்திவிட்டது. ஆகவே அதற்குப் பின் இங்கே லயங்களிற் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு ‘வந்தவர்கள்’ என்ற சொல் எவ்வளவு பொருந்தும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இந்தியத் தமிழர் ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர். 1947இல் வாக்களித்தார்கள். தலவாக்கலையிற் சி. வி. வேலுப்பிள்ளையும் நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் இன்னும் சிலரும் பாராளுமன்றம் போனார்கள். மறு ஆண்டே சட்டம் வந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் அமுலுக்கு வந்தது. அதன் சாரம் இதுதான். நீ இலங்கையிற் பிறந்தாய் என்பது போதாது. உன் தகப்பனார் இலங்கையிற் பிறந்தவரா? அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்தவர்களா? அதை நிரூபி. வோங் கிம் ஆர்க்குக்கு 1898இல் அமெரிக்கா கேட்கத் தேவையில்லை என்று விட்ட கேள்வியை, சுதந்திரம் பெற்ற அதே வருடம் இலங்கை கேட்டது. தகப்பன் பிறந்தது மடுல்சீமைத் தோட்டத்து லயத்தில். பதிவு செய்ய வேண்டியது யார்? தோட்டத்து நிர்வாகம் அறிவித்ததா இல்லையா என்று யார் கண்டார்? பேரப்பிள்ளையின் உரிமை, பாட்டன் பிறந்த அன்று ஒரு துரைக்கு ஞாபகம் இருந்ததா இல்லையா என்பதில் தங்கிற்று.

அந்தக் கேள்வியைத் துணி மூட்டைச் சீனரிடம் கேட்டால் அவர் என்ன சொல்வார்? தகப்பன் பிறந்தது சாந்துங். தாம் வந்தது இருபது வருடத்துக்கு முன். பிள்ளைகள் இங்கே பிறந்தார்கள். முடிந்தது கதை. பிள்ளைகளும் நாடற்றவர்கள். வேறு வகையிற் பிரஜையாகப் பதிவு செய்யச் சில சிறு வழிகள் இருந்தன. நாட்டுக்குச் சிறந்த சேவை செய்தவர்களை வருடத்துக்கு இருபத்தைந்து பேருக்கு மேற்படாமல் அமைச்சர் சேர்க்கலாம் என்பது அவற்றுள் ஒன்று. துணி மூட்டைக்காரரும் கொழுந்து பறிக்கும் தாயும் அந்த இருபத்தைந்துக்குள் வருவார்களா?

நமக்காவது 1949இல் ஒரு பக்கக் கதவு திறந்தது: இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1ஆம் தேதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். 1951 ஆகஸ்ட் 5ஆம் நாளுக்குள் ஏறத்தாழ 2 இலட்சத்து 37 ஆயிரம் விண்ணப்பங்கள் போயின. அவை எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கானவை. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. அக்காவின் கலியாணத்துக்குச் சீமைக்குப் போனது, கோயிற் கொடைக்குப் போய்க் காய்ச்சலில் தங்கிவிட்டது எல்லாம் ‘இடைவிடாத’ என்ற சொல்லிற் சிக்கின. ஆனால் பெயரைப் பாருங்கள்: இந்திய, பாகிஸ்தானிய. சீனர் என்ற சொல் அதில் இல்லை. அவர்களுக்கு அந்தப் பக்கக் கதவும் கிடையாது. 1948ஆம் ஆண்டின் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பரில் அமுலான பிறகு, தங்குவதற்கு அனுமதிச் சீட்டு, அதைப் புதுப்பிப்பது, மீண்டும் புதுப்பிப்பது என்று அவர்கள் வாழ்வு போயிற்று.

1949இல் வாக்குரிமையும் பிரஜைகளுக்கு மாத்திரம் என்றாயிற்று. 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் செய்தது. 1953இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் சட்டம் செல்லும் என்று தீர்த்துவிட்டது.

இதற்கிடையில் 1952 டிசம்பரில் இலங்கையும் சீனமும் இரப்பர் – அரிசி ஒப்பந்தம் செய்தன. நம் இரப்பர் போயிற்று, அவர்கள் அரிசி வந்தது. அந்த அரிசியை நாடே உண்டது, தோட்டங்களிலும் உண்டோம். நல்ல ஒப்பந்தந்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் சீனத்து அரிசிக்குத் துறைமுகத்திற் கிடைத்த வரவேற்பு, இங்கே பிறந்த சீனத்தானின் பிள்ளைக்குக் கச்சேரியிற் கிடைக்கவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைக் கூறு போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இற் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கூறு போடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பண்டாரவளை ஸ்டேஷனிலும் பதுளை ஸ்டேஷனிலும் கோச்சி புறப்படும்போது எழுந்த அழுகையைக் கேட்ட காதுகள் இந்தச் சபையில் இன்னும் இருக்கின்றன. அண்ணன் நீலகிரிக்கு, தம்பி பசறையில். 1984இற் கப்பற் போக்குவரத்தும் நின்று, போக வேண்டியவர்கள் போகாமலே தங்கினார்கள். 1986இலும் 1988இலும் வந்த சட்டங்கள் முடிச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தன. 2003 அக்டோபரிற் பாராளுமன்றம் ஒருமனதாக நிறைவேற்றிய 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளி நாடற்றவர்களும் அவர்கள் சந்ததியாரும் பிரஜைகள் என்றது. அதற்குப் பின் பத்தே நாளில் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர் பதிவு பெற்றார்கள். அந்தப் பத்து நாளும் மேசை போட்டு உட்கார்ந்து படிவம் நிரப்பியவர்களில் நூற்றுக்கணக்கானோர் தொண்டர்கள்.

சீனருக்கு? அவர்களுக்காக எந்த இரண்டு பிரதமர்களும் உட்கார்ந்து பேசவில்லை. ஊர்வலம் போகத் தொகை இல்லை. சந்தா சேர்க்கத் தொழிற்சங்கம் இல்லை. நமக்கு நாற்பது வருடம் கழித்தாவது ஓர் ஒப்பந்தத்தின் திகதியைப் பிடித்துக்கொண்டு சட்டம் வந்தது. அவர்களுக்கு 2008இலே, 38ஆம் இலக்கச் சட்டமாக, சீன வம்சாவளி நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் விசேட ஏற்பாடு வந்தது. 1948க்கும் 2008க்கும் இடையே அறுபது ஆண்டு. துணி மூட்டை கொண்டு வந்தவர்களிற் பெரும்பாலோர் அதற்குள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கிழவர்களாய்ப் பிரஜைகளானார்கள்.

இங்கே நம் பக்கத்து வெட்கம் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். ‘கள்ளத்தோணி’ என்று நம்மை ஏசியவர்களை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சைக்கிளுக்குப் பின்னால் ஓடி அவர் பேச்சையும் கண்ணையும் பழித்துக் கூவிய லயத்துப் பிள்ளைகளில் நாமும் இருந்தோம். மூத்தவர்கள் அதட்டியதாக ஞாபகம் இல்லை, சிலர் சிரித்தார்கள். இன்றும் பெரிய கட்டட வேலைகளுக்குச் சீனத்திலிருந்து தொழிலாளர் வந்திருக்கிறார்கள் என்று பேச்சு வந்தால், நம் தேநீர்க் கடைகளிலே விழும் சொற்கள், கலிபோர்னியாவில் 1870களில் விழுந்த அதே சொற்களாகத்தான் இருக்கின்றன. வந்து போகும் ஒப்பந்தக்காரர் வேறு, இங்கே பிறந்து வளர்ந்தவர் வேறு என்ற பாகுபாட்டைக்கூட நாம் செய்வதில்லை. பிறர் நமக்குச் செய்ய மறுத்த பாகுபாடு அது.

சட்டம் தீர்ந்துவிட்டது, இனி என்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். சட்டம் தீர்ந்தது; காகிதம் தீரவில்லை. நமது தோட்டங்களிற் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லாத முதியவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அத்தாட்சிப் பத்திரத்தில் ‘ராமாயி’, அடையாள அட்டையில் ‘ரமாய்’, தோட்டத்துச் செக்ரோலில் ‘ராமாய் நம்பர் டூ’. மூன்றும் ஒரே கிழவி. ஊழியர் சேமலாப நிதியைக் கேட்கப் போகும்போது மூன்று பேராகிவிடுகிறாள். நாற்பது வருடம் கொழுந்தெடுத்த பணம் ஓர் எழுத்தில் முட்டி நிற்கிறது. எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தகப்பனார் இறந்த பின் மகன் மூன்று தடவை கந்தோருக்கு அலைந்தான்; ஒவ்வொரு தடவையும் வேறொரு கடிதம் கேட்டார்கள். நான்காம் தடவை அவன் போகவில்லை. ஒருநாட் சம்பளமும் பஸ் காசும் போவதைத் தாங்க அவனால் முடியவில்லை. கடுதாசிப் பிள்ளைகள் என்று அமெரிக்கச் சீனரைப் பார்த்துச் சிரித்தோமே, நம் வீட்டில் இருப்பது அதற்கு நேர் எதிர்: கடுதாசி இல்லாத சொந்தப் பிள்ளைகள்.

தாய்மார்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய சம்பளச் சீட்டு, தடுப்பூசி அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பாட்டனாரின் 1949ஆம் ஆண்டு விண்ணப்பத்துக்கு வந்த பதில், இந்தியக் கடவுச்சீட்டு, பிரேதப் பதிவு – எது இருந்தாலும் எறிய வேண்டாம். கரையான் தின்ற பாதியும் பயன்படும்.

மன்றத்துச் செயலாளரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் காலை ஒன்பது மணிக்கு வாசிகசாலையில் உயர்தரம் படித்த இரண்டு பேர் மேசை போட்டு உட்காருவார்கள். ஒருவருக்குச் சிங்களம் நன்றாக எழுத வரும். படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள், எழுத்துப் பிழையைத் திருத்த எங்கே போக வேண்டும் என்று எழுதித் தருவார்கள், வயதானவர்களோடு கந்தோருக்கும் கூடப் போவார்கள். பஸ் காசு மன்றம் கொடுக்கும். பெட்டியைப் பிரித்து அடுக்க வேண்டியதில்லை. இருக்கிறபடியே தூக்கிக்கொண்டு வாருங்கள். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் எம்மை அந்தத் தூணடியில் வந்து காணலாம்.